வெறும் ரிப்போர்ட்தானே

போன வருடம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின இரவு, மண்டபத்து மாடிப்படியில் உட்கார்ந்து சித்தி மகளோடு பேசிக்கொண்டிருந்தேன். சட்டம் படிக்கிறாள், கடைசி வருடம். விடுமுறையில் ஒரு மனித உரிமை அமைப்பில் பயிற்சிக்குப் போயிருந்தாள். அங்கே என்ன வேலை என்று கேட்டேன். ஊர் ஊராகப் போய், பாதிக்கப்பட்டவர்களைப் பார்த்து, நடந்ததைக் கேட்டு, படிவத்தில் நிரப்பிக்கொண்டு வந்து கொடுப்பது என்றாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அப்போ வெறும் ரிப்போர்ட்தானே? நான் என்னமோ போராட்டம் பண்றேன்னு நினைச்சேன்" என்றேன். அவள் கோபப்படவில்லை. "நீ ராத்திரி பூரா உட்கார்ந்து பண்றது என்னண்ணா?" என்று மட்டும் கேட்டாள். கீழே யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டோம். அன்று இரவு வாட்ஸப்பில் அவளிடமிருந்து ஒரு பெயர் மட்டும் வந்தது. ஜெஸ்டினா முகோகோ. வணக்கமோ விளக்கமோ எதுவும் இல்லை.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் மெடிக்கல் கோடர். அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்களைப் படித்து, டாக்டர் எழுதியதை, நோய் காயம் ஒவ்வொன்றுக்கும் எண் வைத்திருக்கும் ஐசிடி-10 பட்டியலின் குறியீடுகளாக மாற்றுவதுதான் 11 வருடமாக என் பிழைப்பு. அந்தக் குறியீட்டுப் பட்டியலைப் பார்க்காதவர்களுக்கு அதன் கூத்து தெரியாது. வாத்து இடித்துக் காயம்பட்டால் ஒரு எண், வாத்து கடித்தால் வேறு எண். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிரித்தோம், அப்புறம் பழகிவிட்டது. மனிதர்களுக்கு நடப்பதையெல்லாம் கட்டங்களுக்குள் அடைக்கிற வேலையைச் செய்கிறவன், இன்னொருத்தி கட்டம் நிரப்புவதைப் பார்த்து இளக்காரமாகச் சிரித்திருக்கிறேன். அதற்குக் காரணமும் இருந்தது. என் வேலையை நானே பெரிதாக மதித்ததில்லை. எண் போடுவதால் யாருக்கும் காய்ச்சல் இறங்கிவிடாது என்று நினைக்கிற ஆள் நான்.

அந்தப் பெயரைத் தேடிப் படிக்க நான்கைந்து மாதம் ஆனது. சார்ட் எதுவும் வராத ஒரு நைட் ஷிஃப்டில்தான் தேடினேன். முதலில் செய்திகள் கிடைத்தன. அவற்றின் வழியாக ஜிம்பாப்வே உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு வந்தேன். அதைப் படித்து முடித்தபோது விடிந்திருந்தது.

செய்தி வாசித்தவர்

முகோகோ முதலில் ஜிம்பாப்வே மக்களுக்கு ஒரு குரலாகவும் முகமாகவும்தான் அறிமுகமானவர். அரசுத் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தார். தனியார் சேனல்கள் இல்லாத நாட்டில் அப்படிப்பட்ட ஒருவரை எத்தனை வீடுகளுக்குத் தெரிந்திருக்கும் என்பது, தூர்தர்ஷன் மட்டும் இருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பின்னாளில் ஜிம்பாப்வே அமைதித் திட்டம் என்ற அமைப்பின் இயக்குநரானார். தேர்தல் வன்முறைகள் தலைதூக்கிய 2000-ஆம் ஆண்டில், தேவாலயங்களும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது. அதற்குக் கொடி பிடிக்கிற வேலை இல்லை. நாட்டில் 210 தொகுதிகள், தொகுதிக்கு 2 பேர் என்று 420 கண்காணிப்பாளர்கள். எல்லோரும் அந்தந்த ஊர்க்காரர்கள். யார் அடிக்கப்பட்டார், யாருடைய வீடு எரிந்தது, யார் ஊரைவிட்டு ஓடினார், எந்தக் கட்சி அட்டை இல்லாததால் யாருக்கு நிவாரண மக்காச்சோளம் மறுக்கப்பட்டது என்று எழுதி அனுப்புவார்கள். அதைச் சரிபார்த்து மாதாமாதம் அறிக்கையாக வெளியிடுவார்கள். கொலை, கடத்தல், தாக்குதல், மிரட்டல், இடப்பெயர்வு என்று வகை வகையாகப் பிரித்த அட்டவணைகள் இருக்கும். அவற்றைப் பார்த்ததும் எனக்கு ஆபீஸ் ஞாபகம்தான் வந்தது.

இதில் ஒன்று என்னை உறுத்தியது. எழுதுகிறவர் அதே ஊரில் குடியிருக்கிறார். அடிபட்டவர் பக்கத்துத் தெரு, அடித்தவர் எதிர்த் தெரு. மூன்று பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். தலைநகரிலிருந்து காரில் வந்து கேட்டுவிட்டுப் போகிறவர் எழுதுவதற்கும் இதற்கும் எத்தனை வித்தியாசம்!

2008-ஆம் ஆண்டு அவர்களுக்கு எழுத நிறைய இருந்தது. மார்ச் 29 அன்று நடந்த அதிபர் தேர்தலின் முடிவை அறிவிக்க ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார்கள். மே 2 அன்று வந்த கணக்குப்படி எதிர்க்கட்சித் தலைவர் மோர்கன் சுவாங்கிராய்க்கு 47.9 சதவீதம், 28 வருடமாக ஆண்டுகொண்டிருந்த ராபர்ட் முகாபேக்கு 43.2 சதவீதம். பாதியைத் தாண்டாததால் ஜூன் 27 அன்று இரண்டாம் சுற்று என்றார்கள். இடைப்பட்ட வாரங்களில் கிராமங்களில் நடந்ததற்கு ஷோனா மொழியில் ஒரு பெயர் உண்டு: மவோத்தெரபாப்பி. 'எங்கே ஓட்டுப் போட்டாய்?' என்று அர்த்தம். முதல் சுற்றில் மாற்றிப் போட்ட ஊர்களைத் தேடித் தேடிப் போனார்கள். இரவுக் கூட்டங்களுக்கு எல்லோரையும் இழுத்து வந்து, பெயர் கூப்பிட்டு, எல்லோர் முன்னிலையிலும் அடித்தார்கள். கையை எங்கே வெட்டுவது என்பதற்கு 'அரைக்கை சட்டையா, முழுக்கை சட்டையா' என்று கேட்டதாகப் பதிவுகள் இருக்கின்றன. தையல்காரர் கேட்கிற கேள்வி. சுவாங்கிராய் ஜூன் 22 அன்று போட்டியிலிருந்து விலகினார். முகாபே தனியாக ஓடி முதலாவதாக வந்தார்.

செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் மத்தியஸ்தத்தில் அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் யாருக்கு எந்த அமைச்சகம் என்ற இழுபறியில் அடுத்த ஆண்டு வரை ஆட்சி அமையவில்லை. அதே மாதங்களில்தான் காலரா பரவியது. அது ஓய்வதற்குள் 4,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். பணவீக்கத்தைப் பற்றி எல்லோரும் படித்திருப்போம், 100 டிரில்லியன் டாலர் நோட்டின் படம் இன்னமும் ஃபார்வர்டில் வருகிறது. அதைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். அந்த நோட்டு வெளிவருவதற்குச் சில வாரம் முன்புதான் முகோகோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது எனக்குத் தெரியாது.

டிசம்பர் 3, விடிகாலை

தலைநகர் ஹராரேக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் நார்ட்டன் என்ற சிறு நகரம். அங்கேதான் அவர் வீடு. 2008 டிசம்பர் 3, காலை 5 மணி சுமாருக்கு ஆயுதங்களோடு ஒரு கூட்டம் உள்ளே புகுந்தது. பதின்வயது மகன் வீட்டில் இருந்தான். நைட்டியோடு, செருப்புகூடப் போடவிடாமல் இழுத்துக்கொண்டு போனார்கள். வாரண்ட் எதையும் காட்டவில்லை. காரில் கண்ணைக் கட்டினார்கள். அன்றிலிருந்து மூன்று வாரம் அவர் எங்கே என்று வெளியில் யாருக்கும் தெரியாது. வழக்கறிஞர் பியட்ரிஸ் ம்டெட்வாவும் ஜிம்பாப்வே மனித உரிமை வழக்கறிஞர்கள் அமைப்பும் காவல் நிலையம் காவல் நிலையமாகத் தேடினார்கள். எங்களிடம் இல்லை என்று போலீஸ் கைவிரித்தது. தேடிக் கண்டுபிடிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டும் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து நாள் கழித்து அவர் அலுவலகத்திலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கொண்டுபோனார்கள். டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், திடீரென்று நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அரசைக் கவிழ்க்க போட்ஸ்வானாவில் ஆயுதப் பயிற்சி எடுக்க ஆள் சேர்த்தார் என்பது குற்றச்சாட்டு.

அந்த மூன்று வாரம் என்ன நடந்தது என்பது அவருடைய பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது. உள்ளங்காலில் அடித்தார்கள். திரும்பத் திரும்ப, அதே இடத்தில். கூரிய சரளைக்கல் குவியலில் மண்டியிட வைத்து விசாரித்தார்கள். என்ன கேட்டார்கள் தெரியுமா? போட்ஸ்வானாவுக்கு அனுப்பியதாகச் சொல்லப்பட்ட இளைஞனைப் பற்றிக் கேட்டார்கள், சரி. அதோடு அமைப்பைப் பற்றியும் அதன் வேலையைப் பற்றியும் துருவினார்கள். 420 நோட்டுப் புத்தகங்களுக்கு இத்தனை பயமா என்று முதல் வாசிப்பில் தோன்றியது. இரண்டாம் வாசிப்பில் அப்படித் தோன்றவில்லை. ஊரைக் கூட்டி அடிப்பது ஊர் பார்த்துப் பயப்படுவதற்கு. ஆனால் சேதி ஊர் தாண்டிப் போய்விடக் கூடாது. அந்தக் கூட்டத்திலேயே ஒருவர் உட்கார்ந்து தேதி, நேரம், பெயர் என்று எழுதி அனுப்பிவிட்டால் கணக்குத் தப்பிப்போகிறது.

உள்ளங்கால் அடிக்கு மருத்துவத்தில் ஃபலாங்கா என்று பெயர். சித்திரவதையை எப்படிப் பரிசோதித்து ஆவணப்படுத்துவது என்று மருத்துவர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் வழிகாட்ட 1999-ல் உருவான இஸ்தான்புல் நெறிமுறையில் இதற்குத் தனிப் பகுதி உண்டு. குதிகாலில் நாம் ஊன்றும் இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்த ஒரு மெத்தை இருக்கிறது. அடி விழ விழ அதன் அறைகள் உடையும். சில வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும், மேல்தோலில் பெரிதாக எதுவும் தெரியாமல் போகலாம். நடந்தால் வலிக்கும், அது பல வருடத்துக்கு நீடிக்கலாம். அடிப்பவர்களுக்கு இது தெரியும், அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தடயம் இல்லாமல் வலியை மட்டும் விட்டுவைக்கிற இடம் அது. அன்று ராத்திரி எங்கள் பட்டியலில் இதற்கு என்ன குறியீடு என்று தேடிப் பார்த்தேன். சித்திரவதைக்கு ஆளானவர் என்பதற்குத் தனி எண் கிடையாது. குற்றம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கு ஆளானவர் என்ற இசட் 65.4 என்ற எண்ணுக்குக் கீழே ஒரு வரியாக ஒட்டவைத்திருக்கிறார்கள். வாத்துக்கு இரண்டு எண் கொடுத்த பட்டியல். 11 வருடத்தில் அந்த எண்ணை நான் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. அப்படி யாரும் வந்திருக்க மாட்டார்களா, அல்லது வந்தவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்களா என்ற கேள்வி அன்றைக்குத்தான் முதல்முறையாக வந்தது.

அவர் தானே நிரப்பிய படிவம்

என்னைக் கட்டிப்போட்டது தீர்ப்பின் சட்ட நுணுக்கம் இல்லை. அதில் எடுத்தாளப்படும் அவருடைய வாக்குமூலத்தின் நடைதான். பல வருடம் அடுத்தவர்களுக்கு நடந்ததைக் கேட்டு எழுதி, சரிபார்த்து, ஒழுங்குபடுத்திய ஒரு பெண். இப்போது அவரே அந்த அறையில் இருக்கிறார், கண் கட்டியிருக்கிறது, கையில் பேனா இல்லை. ஆனாலும் வேலை நின்றதாகத் தெரியவில்லை. கார் எப்படிப் போனது, எத்தனை குரல்கள், யார் என்ன கேட்டார்கள், எதால் அடித்தார்கள், எப்போது அறை மாற்றினார்கள், எந்தத் தேதியில் யாரிடம் ஒப்படைத்தார்கள் என்று வரிசையாக வருகிறது. அழுகை, சாபம், அடைமொழி எதுவும் முன்னுக்கு வரவில்லை. 'கொடூரமாக' என்று எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு வரியில் ஊதிவிடுவார். 'இத்தனையாம் தேதி, இந்த இடத்தில், இதனால், இத்தனை தடவை' என்று எழுதினால் அவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இது செய்தி வாசித்த பழக்கமா, அறிக்கை எழுதிய பழக்கமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவரே கண்காணிப்பாளர், அவரே சாட்சி, அவரே சம்பவம். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது நான் மனதுக்குள் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன், தொழில் புத்தி. ஒரு கட்டம்கூடக் காலியாக விழவில்லை.

அந்த வாக்குமூலத்துக்கு அரசுத் தரப்பு பதில் சொல்லவில்லை என்பதுதான் ஆச்சரியம். சித்திரவதை நடக்கவில்லை என்று மறுக்க அவர்கள் யாரையும் சாட்சியாக நிறுத்தவில்லை. தேசியப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அமைச்சர் டிடிமஸ் முட்டாசா, சம்பந்தப்பட்ட அதிகாரிகள் யார் என்று வெளியிடுவது நாட்டின் பாதுகாப்புக்கு ஆகாது என்று எழுத்தில் கொடுத்தார். அதாவது எங்கள் ஆட்கள்தான், பெயர் மட்டும் கேட்காதீர்கள் என்று அர்த்தம். அதுவரை 'எங்களிடம் இல்லை' என்று சாதித்த அரசு தன் கையாலேயே எழுதிக்கொடுத்த ரசீது மாதிரி அது எனக்குப் பட்டது.

2009 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் அவர் மீதான வழக்கைத் தொடர நிரந்தரத் தடை விதித்தது. அரசின் ஆட்கள் அவருடைய அடிப்படை உரிமைகளை மீறியிருக்கிறார்கள், ஆகவே இந்த வழக்கை இனி நடத்தவே முடியாது என்று சொன்னது. விரிவான காரணங்கள் 2012-ல் வந்தன. சித்திரவதை செய்து கறந்த தகவலை வைத்து ஒருவர் மேல் குற்றம் சாட்டுவதே செல்லாது என்பதுதான் அதன் மையம். முகாபே ஆட்சியில் இருக்கும்போதே, அவருடைய நாட்டு நீதிமன்றம் சொன்னது இது. இன்றைக்கும் சித்திரவதை வழக்குகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள்.

இங்கேயே நிறுத்திவிட்டால் நல்ல கதை. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நிறுத்தி வைத்திருந்தேன். பார்த்தாயா, எழுதினாள், ஜெயித்தாள் என்று. தங்கைக்கு போன் போட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்றுகூட நினைத்தேன்.

எழுதி என்ன ஆயிற்று

ஆனால் மனம் அடங்கவில்லை. அவர் விடுதலை ஆனார், சரி. அவரை அடித்த கைக்கு என்ன ஆயிற்று? அந்தப் பெயர்களை மறைத்துவைக்கத்தான் அமைச்சர் எழுதிக்கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் உயர் நீதிமன்றம் அவரை மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லியும், சிகுருபி என்ற உச்சப் பாதுகாப்புச் சிறைக்குத்தான் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு மார்ச் வரை உள்ளே. மே மாதம் ஜாமீனை ரத்து செய்து மறுபடி பிடித்து உள்ளே போட்டு, மறுநாள் விட்டார்கள். 2013-ல், அடுத்த தேர்தல் வருடத்தில், அவருடைய அலுவலகத்தைச் சோதனை போட்டார்கள். அவரைத் தேடுகிறோம், தகவல் தெரிந்தால் சொல்லுங்கள் என்று அரசுத் தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். அவர் முன்பு உட்கார்ந்து செய்தி வாசித்த அதே நிறுவனம்! மார்ச் 8, மகளிர் தினத்தன்று, வழக்கறிஞர்களோடு தானாகவே போலீஸில் ஆஜரானார். பதிவு செய்யாத அமைப்பை நடத்தியது, ரேடியோக்களைக் கடத்தியது என்று குற்றச்சாட்டுகள். ரேடியோ! ஒரு அரசாங்கம் எதற்கெல்லாம் பயப்படுகிறது என்று பட்டியல் போட்டால், முதலில் நோட்டு, அப்புறம் ரேடியோ.

அப்புறம் இட்டாய் ட்ஸமாரா. பத்திரிகையாளர். முகாபே பதவி விலக வேண்டும் என்று ஹராரேயின் ஆப்பிரிக்க ஒற்றுமைச் சதுக்கத்தில் உட்கார்ந்து போராடியவர். 2015 மார்ச் 9 அன்று முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்திலிருந்து கடத்தப்பட்டார். அவரையும் தேடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்று வரை திரும்பி வரவில்லை. அவர் விஷயத்தில் உள்ளே நடந்ததை எழுதக்கூடிய ஒரே ஆள் அவர்தான், அவர் இல்லை. முகோகோவின் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு ட்ஸமாராவைப் படித்தால் வெற்றுத்தாளைப் புரட்டுவது மாதிரி இருக்கிறது.

இப்படி இரண்டு பக்கமும் மாறி மாறி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் குக்குராஹுண்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். 'அறுவடைப் பதரை அடித்துப்போகும் முதல் மழை' என்று ஷோனாவில் அர்த்தம். அழகான சொல், அதை எதற்கு வைத்தார்கள் பாருங்கள். வடகொரியர்கள் பயிற்சி கொடுத்த ஐந்தாம் படைப்பிரிவு 1983 முதல் மட்டபெலேலாந்தில் நடத்திய வேட்டைக்கு அந்தப் பெயர். 20,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அப்போது அரசே ஒரு விசாரணைக் குழு போட்டது, சிஹம்பாக்வே குழு. அதன் அறிக்கையை மக்கள் கண்ணில் காட்டவே இல்லை. அந்த மாநிலத்து மக்கள் சொன்னதை எழுதிவைத்தது கத்தோலிக்கத் திருச்சபையின் நீதி அமைதி ஆணையமும் ஒரு சட்ட உதவி அமைப்பும்தான். ஊர் ஊராகக் கேட்டு எழுதிய அது 1997-ல்தான் வெளியே வந்தது. சம்பவம் நடந்து 10 வருடத்துக்கு மேல். அந்த அறிக்கையால் யாரும் சிறைக்குப் போகவில்லை. முகாபே பிற்பாடு அதை ஒரு கணத்துப் பைத்தியக்காரத்தனம் என்று சொன்னார், அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கு மட்டபெலேலாந்தில் புதைகுழிகளைப் பற்றியும், பெற்றோரின் இறப்புச் சான்றிதழ் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியும் யார் பேசினாலும் கையில் எடுப்பது அந்த அறிக்கையைத்தான். அரசின் அறிக்கை அலமாரிக்குள் இருக்கிறது. இது வெளியே இருக்கிறது.

இதை வைத்து நான் எதையும் நிரூபிக்க வரவில்லை. எழுதிவைப்பதால் அடி நிற்கும் என்று சொல்ல முடியவில்லை. 2008-ல் எழுதினார்கள், அடி நிற்கவில்லை. எழுதியவரையே அடித்தார்கள். சம்பளத்துக்குக் கட்டம் நிரப்புகிற என் வேலையை இதோடு ஒப்பிட்டுக்கொள்வதும் அபத்தம், என்னை யாரும் விடிகாலையில் வந்து தூக்கப்போவதில்லை. என் சார்ட்டில் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டால் இன்ஷூரன்ஸ் க்ளைம் திரும்பி வரும், டீம் லீட் முகத்தைச் சுளிப்பார். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. டாக்டர் குறிப்பில் 'நோயாளி சொல்கிறார்' என்று தொடங்குகிற வரிகளை முன்பு கண்ணால் மேய்ந்துவிட்டுக் கீழே போய்விடுவேன், காசு அந்த வரிகளில் இல்லை. இப்போது படிக்கிறேன். அதனால் ஒரு நாளில் நான் முடிக்கிற சார்ட் எண்ணிக்கை குறைகிறது என்பதும் உண்மை.

போன மாதம் தங்கைக்கு போன் செய்தேன். படிப்பு முடிந்து, பயிற்சிக்குப் போன அதே மாதிரியான இடத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நான் அன்றைக்குச் சொன்னதைப் பற்றி இழுத்து இழுத்து ஏதோ ஆரம்பித்தேன். "விடுண்ணா, எங்கம்மாவும் அதையேதான் சொல்றாங்க" என்றாள். பேச்சை மாற்ற, உங்கள் படிவத்தில் என்னென்ன கட்டம் இருக்கும் என்று கேட்டேன். தேதி, நேரம், இடம், பெயர், வயது, நடந்தது, அடித்தவர் யார், காயம், ஆஸ்பத்திரிக்குப் போனாரா, போலீஸுக்குப் போனாரா, வேறு யார் பார்த்தார்கள் என்று மளமளவென்று சொன்னாள், மனப்பாடம். கடைசிக் கட்டத்தைக் கேட்டதும் எனக்கு நார்ட்டன் வீட்டில் நின்ற அந்தப் பையன் ஞாபகம் வந்தது. அதில் என்ன எழுதிக் கொடுப்பார்கள் என்று கேட்டேன்.

"அதுவா? முக்கால்வாசி காலியாத்தான் வரும். பார்த்தவங்க பேர் சொல்ல மாட்டாங்க, அவங்களும் அதே தெருவுலதானே இருக்கணும்."

"அப்போ நீ என்ன பண்ணுவே?"

"காலியா விட்டுட்டு வந்துருவேன். அடுத்த மாசம் இன்னொரு தடவை போவேன்ணா."